பிராங்க்ளினியாவும் கருணையும்

அமெரிக்காவின் ஜார்ஜியாவில், அல்தமஹா நதிக்கரையில், 1765-ஆம் ஆண்டில் தாவரவியலாளர் ஜான் பார்ட்ரமும் அவர் புதல்வர் வில்லியமும் கண்ட பிராங்க்ளினியா என்னும் இலையுதிர் பூஞ்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் எந்த வனத்திலும் காணப்படவில்லை. இன்று தோட்டங்களில் வாழ்பவையெல்லாம் பார்ட்ரம் குடும்பத்தார் பிலடெல்பியாவில் வளர்த்தவற்றின் சந்ததியே. ஆண்டவன் படைத்த உயிரை வனமே கைவிட்டபின் மனிதன் கை காத்ததென்றால், அந்தக் கருணை யாருடையது? ஜான், கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை ஏற்காமையால் குவேக்கர் சபையினின்று விலக்கப்பட்டவர். ஆயினும் ஏக இறைவனிடம் அவருக்கிருந்த பக்தி குன்றவில்லை, அந்தக் கருணை அங்கிருந்தே வந்ததென்று நம்புகிறேன். அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணில், வேரை அசைக்காமல் பேணினால், கோடையிறுதியில் பொன்னிறக் கேசரங்களைச் சூழ்ந்து ஐந்து வெண்ணிதழ்கள் விரியும். அவை உதிர்வதற்குள் இலைகள் செம்மை கொள்ளும், உற்பத்தியும் லயமும் ஒரே கிளையில். குளிர்நாட்டில் நிலம் உடைய அன்பர்கள் ஒன்றேனும் நட்டுப் பேணுங்கள்.