நந்தனாருக்கு வைத்த பரீட்சை

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அவர் பாடிய பெரியபுராணத்தில் நம்ம ஆள் ஒருவர் வருகிறார், திருநாளைப்போவார் என்கிற நந்தனார். தில்லைக்குப் போக ஆசைப்பட்டு ஊர் எல்லையிலேயே நின்றவர். தீயில் இறங்கி, உருவம் மாறி, மார்பில் பூணூலோடு எழுந்து வந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. பக்தர்களுக்கு இது அருள். எனக்கு இது நுழைவுத் தேர்வு. தில்லைவாழ் அந்தணரில் ஒருவரையும் அந்தத் தீயில் இறங்கச் சொல்லவில்லை.

இன்றைக்கு எல்லாரையும்தானே இறங்கச் சொல்கிறோம், ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். தகுதி என்பது ஒரு ஆளுக்குள்ளே இருக்கிற பொருள், தராசு அதை நிறுத்துக் காட்டுகிறது என்பது அவர்கள் கட்சி. அப்படியானால் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் தகுதி எது? 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176. அதே வருசம் நீட்டில் 720க்கு 86. அதே பெண், அதே மூளை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகள். உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் நின்றார், செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டார். இரண்டு தராசில் ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுமே வேறு எதையோ நிறுத்திருக்க வேண்டும். எதை? கோச்சிங் பணத்தை, மறுபடி எழுத ஒரு வருசம் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிற வீட்டை. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த கணக்கில் இது இருக்கிறது. மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 விழுக்காடு, 2020-21இல் சுமார் 71 விழுக்காடு.

நீட் பெரிய சண்டை என்பதால் கீழே நடப்பது கண்ணில் படுவதில்லை. டாக்டருக்குப் படிக்கப் போகிறவர் எத்தனை பேர்? நம்ம காலனிப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்படுவது பத்தாவதில். ஐ.டி.ஐ.யில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வரிசையாகக் கம்பெனிகள். பாஸ் ஆனவன் ஐ.டி.ஐ. வழியாகவோ டிப்ளமா வழியாகவோ யூனிபார்ம் போட்டு லைனில் நிற்கிறான். பெயிலானவன் அதே கேட்டுக்குள் காண்ட்ராக்ட்காரன் வேனில் வந்து கூட்டுகிறான், லோடு ஏற்றுகிறான். கூட்டுகிற வேலை யாருக்கு என்று முன்னே பிறப்பு சொன்னது, இப்போது மார்க் ஷீட் சொல்கிறது. பிறப்பைச் சொன்னால் சண்டை போடலாம். மார்க் ஷீட்டைக் காட்டினால் பையன் தலை குனிந்துகொள்கிறான், ‘நான்தான் படிக்கலண்ணா’ என்கிறான். இந்தத் தலைகுனிவுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுகிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே ஒன்பதாவதிலேயே சுமாராகப் படிக்கிற பிள்ளையின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, ‘இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கினு போங்க’ என்று பேசி அனுப்புவது நாம் அறியாததில்லை. பேனரில் இருக்கிற நூறு, அந்தப் பிள்ளைகளைக் கழித்த பிறகு வந்த நூறு. ஒரு தாய் என்னிடம் கேட்டது: ‘எம் புள்ள பெயிலுன்னு சொல்றானே, ஆறு மாசம் கணக்கு வாத்தியாரே இல்லாம வுட்டவன் எதுல பெயிலு?’ எந்த எம்.ஏ. படிப்பும் எனக்கு இப்படி ஒரு கேள்வியைக் கற்றுத்தரவில்லை. 2019 செப்டம்பரில் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத் தேர்வு என்று அரசு ஆணை போட்டது. பத்து வயசுப் பிள்ளைக்கு! எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பதினொன்றாவதுக்கு 2017-18இல் கொண்டுவந்த பொதுத் தேர்வையும் 2025இல் எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் பரீட்சையே வேண்டாமா? இங்கே நம்மவர்களோடேயே எனக்குக் கொஞ்சம் வம்பு இருக்கிறது. பொதுத் தேர்வுத் தாளில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். திருத்துகிறவருக்கு நான் சேரியா ஊரா என்று தெரியாது. வகுப்பிலே வாத்தியார் கையால் போடுகிற மார்க்கும், முகம் பார்த்துக் கேட்கிற வாய்மொழித் தேர்வும் நம்மை என்ன பாடு படுத்தும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மேலே வந்தவர்கள் நம்மில் உண்டு. பரீட்சையை ஒழித்து எல்லாவற்றையும் ஆசிரியரின் நல்லெண்ணத்தில் விடு என்று சொல்லும் முற்போக்காளர் அந்த நல்லெண்ணத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் பார்த்தார்?

எனவே நான் கேட்பது வேறு. பெயர் மறைத்த தாள் இருக்கட்டும். அதில் ஒரு பிள்ளை 20 மார்க் வாங்கினால் அந்த 20 யாருடையது? கணக்கு வாத்தியார் பதவியை நிரப்பாத துறையுடையது, பாதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பிய நிர்வாகத்துடையது என்று எழுத மார்க் ஷீட்டில் இடம் இல்லை. பிள்ளையின் பெயருக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது.