அசல் ஜரிகையும் ஆதிச்சநல்லூர் வேலும்

ஓம் சரவணபவ.

இன்னைக்கு நான் செஞ்ச ஒரு தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன கிருத்திகை அன்னைக்குக் காலையில எனக்கு ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. உலகத்தோட முதல் நாகரிகம் நம்மளோடதாம். ஆதிச்சநல்லூர்ல கிடைச்ச முருகன் வேலுக்கு 20,000 வயசாம். நாசாவே உறுதி பண்ணிட்டாங்களாம். படிச்சதும் புல்லரிச்சுது. யோசிக்காம ஆறு குரூப்புக்கு அனுப்பிட்டேன். கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன், "ஆதாரம் எங்கடா?"ன்னு கேட்டான். தேடினேன், ஒண்ணுமே இல்ல. அவன் அடுத்து கேட்டதுதான் குத்துச்சு: "அப்போ கீழடியும் இப்படித்தானா?"

அந்த வாரக் கடைசியில காஞ்சிபுரம் போனேன். பிள்ளையார்பாளையத்துல எங்க அப்பா இன்னும் தறியில உட்கார்றார். நடந்ததைச் சொன்னேன். வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "போலி ஜரிகை போட்ட சேலையை அசல்னு வித்தா, வித்தவன் பேரு மட்டும் கெடாதுப்பா. அதுக்கப்புறம் அசல் போட்டு நெய்யுறவன் சேலையையும் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க."

பட்டு நூல் மேல வெள்ளி இழையைச் சுத்தி, தங்க முலாம் பூசினாதான் அசல் ஜரிகை. உரசிப் பார்த்தா தெரிஞ்சிடும். நான் ஆறு குரூப்புல வித்தது போலி.

சரி, நம்ம கையில இருக்கிற அசல் எது? உரசிப் பார்ப்போம்.

முதல்ல, மனுஷன் வாழ்ந்த காலம் வேற, நாகரிகத்தோட காலம் வேற. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துல கிடைச்ச கல் கோடாரிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம். அதைச் செஞ்சவங்க நம்ம மனித இனமே தோன்றுறதுக்கு முன்னாடி வாழ்ந்த ஆதி மனிதர்கள். அதைத் தமிழர் நாகரிகம்னு சொல்ல முடியாது. ஊர், தொழில், எழுத்து, கணக்கு இதெல்லாம் சேர்ந்தாதான் நாகரிகம். யூப்ரடிஸ் ஆத்தங்கரையில இருந்த உருக் நகரத்துல, கி.மு. 3200 வாக்கிலேயே களிமண் பலகையில எழுதியிருக்காங்க. அதுல பெரும்பாலும் தானியக் கணக்கும் ஆட்டுக் கணக்கும்தான். சிந்துவெளியில பெரிய நகரங்கள் எழுந்தது கி.மு. 2600 வாக்குல.

இப்போ நம்ம பொருநைக் கரைக்கு வருவோம். ஆதிச்சநல்லூர்ல 1876-லயே ஜெர்மன்காரர் யாகோர் தோண்டினார். அதுக்கப்புறம் அலெக்சாண்டர் ரீ விரிவா தோண்டினார். தாழிகளோட இரும்பு வேல், வெண்கலச் சேவல், தங்கத் தகடு எல்லாம் கிடைச்சுது. அந்தத் தகட்டை நெத்திப் பட்டம்னு சொல்றவங்களும் உண்டு, காவடி எடுக்கிறவங்க போடுற வாய்ப்பூட்டு மாதிரி இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு. 2004-05 அகழாய்வுப் பொருள்கள்ல ரெண்டைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினப்போ கி.மு. 905, கி.மு. 696-னு காலம் வந்துச்சு. வேலும் சேவலும் ஒரே இடத்துல! எனக்கு அது போதும், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா அந்த வேல்ல முருகன் பேர் எழுதியிருக்கலைங்கிறதையும் சேர்த்துதான் சொல்லணும்.

கீழடியில 2014-ல இருந்து தோண்டுறாங்க. அங்க கிடைச்ச ஒரு மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்ததுன்னு 2019-ல தமிழக தொல்லியல் துறை அறிக்கை சொல்லுச்சு. அரண்மனை எதுவும் கிடைக்கல. கிடைச்சது செங்கல் கட்டடம், உறைகிணறு, பேர் கீறின பானை ஓடு, அப்புறம் நெசவுச் சாமான். போன்ல இருந்த ஒரு போட்டோவை அப்பாகிட்ட காட்டினேன். கீழே எழுதியிருந்ததைப் படிக்கவே இல்ல. "இது தக்களிக் குண்டுடா. எங்க ஆயா வச்சிருந்தாங்க"ன்னார்.

எனக்குப் பேச்சே வரல. 2,600 வருஷத்துக்கு முன்னாடி வைகைக் கரையில யாரோ ஒருத்தங்க நூல் நூத்திருக்காங்க. அந்தக் கருவியை இன்னைக்கு ஒரு நெசவாளி பார்த்ததும் அடையாளம் சொல்றார். இதை விடப் பெரிய பெருமைக்கு 20,000-ங்கிற நம்பர் எதுக்கு? முதல் இடம் யாருக்குங்கிற பந்தயம்தான் எதுக்கு?

அன்னைக்குச் சாயங்காலம் குமரகோட்டம் போனேன். காமாட்சி அம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவுல இருக்கிற நம்ம அப்பன் சன்னிதி. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேத்தினது இங்கதான். முதல் வார்த்தையிலயே இலக்கணப் பிழைன்னு புலவர்கள் ஆட்சேபம் பண்ணினாங்க. "முருகனே எடுத்துக் கொடுத்த வார்த்தை"ன்னு அவர் சொல்லியும் ஒத்துக்கல. இலக்கண விதியைக் காட்டச் சொன்னாங்க. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருத்தர் வீரசோழியம் நூலோட வந்து, அந்த விதியைப் பிரிச்சுக் காட்டிட்டு மறைஞ்சுட்டார். வந்தது முருகன்னு ஐதீகம்.

கவனிச்சீங்களா? சபை ஆதாரம் கேட்டப்போ முருகன் கோபப்படல. "நான் சொன்னா நம்புங்க"ன்னும் சொல்லல. புத்தகத்தைக் கையில எடுத்துட்டு வந்தார். சாமியே அப்படி வந்திருக்கும்போது நாம எம்மாத்திரம்?

சன்னிதியில நின்னுட்டே அந்த ஆறு குரூப்புக்கும், "நான் அனுப்பினது தப்பு, மன்னிச்சிடுங்க"ன்னு போட்டேன். ஒருத்தர், "நீயெல்லாம் முருக பக்தனா?"ன்னு கேட்டார். வலிச்சுது. ஆனா வேலை ஞானம்னு பெரியவங்க சொல்லித்தானே நாம வளர்ந்தோம். அந்த வேலுக்கே பொய்யான வயசு சொல்லிட்டு நான் எப்படி அதைக் கும்பிடறது?

அடுத்த தடவை அப்படி ஒரு ஃபார்வர்ட் வந்தா, எங்க தோண்டினாங்க, யார் தோண்டினாங்க, எந்த வருஷம்னு பாருங்க. பதில் இருந்தா சந்தோஷமா பகிருங்க. இல்லைன்னா அங்கேயே நிறுத்திடுங்க. அதுவும் முருகனுக்குச் செய்யுற தொண்டுதான்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!