அடைபட்டவர் கோபமும் அடைப்பவர் ஆவேசமும்

1897 பிப்ரவரி 4ஆம் தேதி பிறந்தபோது இந்தியாவின் கொள்ளைநோய்ச் சட்டத்தில் மொத்தமே நான்கு பிரிவுகள். முதலாவது, சட்டத்தின் பெயர். இரண்டாவது, நோயைத் தடுக்க அரசு தேவையென்று நினைக்கும் எந்த உத்தரவையும் போடலாம். மூன்றாவது, மீறினால் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பாயும். நான்காவது, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. அடைத்துவைக்கப்பட்டவருக்குச் சோறு யார் போடுவது, அவர் இழக்கும் கூலியை யார் தருவது, எத்தனை நாளில் விட வேண்டும், தவறாகப் பிடித்துவைத்தால் யாரிடம் முறையிடுவது என்பதையெல்லாம் அது கட்டாயமாக்கவில்லை; செலவும் இழப்பீடும் அரசின் விருப்பத்துக்கே விடப்பட்டன. அந்தச் சட்டத்தைத்தான் இந்தியா 2020 மார்ச்சிலும் தூசு தட்டி எடுத்தது. அந்த ஏப்ரலில் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குச் சிறை என்றது அது. தேவையான திருத்தம்தான். உள்ளே இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற வரி மட்டும் அப்போதும் சேரவில்லை.

தனிமைப்படுத்தலை எதிர்த்து மக்கள் கிளம்பினால், ஆட்சியில் இருப்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் விளக்கம் ஒன்றுதான்: அறியாமை. புரளியை நம்புகிற சனம், சொன்னால் கேட்காது, அடித்தால்தான் வழிக்கு வரும். இதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடும். குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை மற்றவர்கள் நன்மைக்காகக் கதவுக்குள் இருத்திவைக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? அது எப்போது செல்லாமல் போகிறது?

புனேயில் நடந்ததை இதற்காகவே மறுபடி பார்க்கலாம். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் சில மாதங்களில் புனேக்கு வந்துவிட்டது. 1897 மார்ச்சில் டபிள்யூ. சி. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு வேலையைத் தொடங்கியது. வீடு வீடாகச் சோதனை போட அவர் வெள்ளைப் பட்டாளத்தை இறக்கினார். பூட்ஸ் காலோடு சமையல்கட்டிலும் பூஜை அறையிலும் நுழைந்தார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெண்களைத் தெரு பார்க்க நிறுத்திச் சோதித்ததாக ஊரே கொதித்தது. துணிமணி, பாய், தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் எரிந்தன. நோயாளி ஒரு பக்கம், வீட்டார் ஒரு பக்கம் என முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா முடிந்து திரும்பிய ராண்டை, இந்தச் சோதனைகளால் கொதித்த சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். உடன் வந்த லெப்டினன்ட் ஐயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை தொடக்கத்தில் இறந்தார்.

கொலைக்கு நியாயம் தேடுவதில் பொருளில்லை. கோபத்தில் புரளியும் கலந்தே இருந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த புனேத் தலைவர் கோகலே, சிப்பாய்கள் பெண்களிடம் அத்துமீறியதாக ஊரிலிருந்து வந்த கடிதங்களை நம்பிப் பேசினார். ஆதாரம் காட்ட முடியாமல், திரும்பி வந்ததும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இந்த மன்னிப்பைக் காட்டி மொத்தக் கோபமும் கட்டுக்கதை என்று சொல்லிவிடுவது ஆட்சிக்கு வசதியாக இருந்தது. அப்படிச் சொல்ல முடியாதபடி குறுக்கே நிற்பவர் இன்னொரு புனேத் தலைவரான திலகர். ராஜத்துரோக வழக்கில் பதினெட்டு மாதத் தண்டனை பெற்ற அவரே, புனேயில் இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனையைத் தொடங்கியவர். நோயாளியைப் பிரித்துவைக்கவே கூடாது என்று அவர் வாதிடவில்லை. யார் வீட்டுக்குள் யார், எப்படி நுழைவது என்பதுதான் சண்டை. அதே 1897 மார்ச் மாதம் 10ஆம் தேதி, நகருக்கு வெளியே தம் வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சைக்கூடத்தில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவந்த சமூகச் சீர்திருத்தவாதி சாவித்ரிபாய் புலே, அதே நோயால் இறந்தார். நோயுற்ற ஒரு சிறுவனைத் தூக்கிவந்தபோது தொற்றியதாகச் சொல்வார்கள். அங்கேயும் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துத்தான் வைத்தார்கள். அந்தக் கூடத்தை எதிர்த்து யாரும் துப்பாக்கி தூக்கவில்லை.

இதைவிடக் கசப்பான செய்தி அடுத்த ஆண்டு வந்தது. 1898இல் கராச்சியில் ஆய்வு செய்த பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், பிளேக்கைக் கடத்துவது எலித்தெள்ளு என்று கண்டார். அவர் சொன்னதை உலகம் ஏற்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. நெறி கட்டும் பிளேக் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகத் தாவுவது அபூர்வம். அப்படியானால் மனிதர்களை வேட்டையாடிய அத்தனை சோதனைகளும் பெருமளவு வீண். எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியில் குடிசை போட்டுத் தங்கும் வழக்கம் குமாவோன் மலைக்கிராமங்களில் முன்பே இருந்தது. பட்டாளத்தைவிட அந்த வழக்கம் நோயைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தது.

தெரியாததற்காக ராண்டைக் குறைசொல்ல முடியாது. கொள்ளைநோய் வந்த நாளில் எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுப்பது என்ற சொகுசு யாருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் தெரியாமல் செயல்படுகிறவருக்குக் கூடுதலாக ஒரு கடமை வந்து சேர்கிறது: தன் கணிப்பு தவறாகப் போனால் மற்றவருக்கு ஏற்படும் சேதம் திருப்பித் தரக்கூடியதாக இருக்க வேண்டும். பெண்களைத் தெருவில் நிறுத்தாமல் இருக்க எலித்தெள்ளைப் பற்றி யாரும் அறிந்திருக்க வேண்டியதில்லை.

இனி, அடைத்துவைக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். நோய் தொற்றியவராக இருக்கலாம் என்ற ஐயத்தில் வீட்டில் இருத்தப்படுபவர்களில் பலருக்கு நோயே இருக்காது. பத்து நாளோ பதினான்கு நாளோ அவர்கள் தரும் விலை முழுவதும் பிறருக்காக. எனவே கதவுக்கு வெளியே பாதுகாப்பாக இருக்கும் ஊர், உள்ளே இருப்பவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை அடைக்க ஆயத்தமாக இருக்கும் அளவுக்குத்தான் அடைத்துவைக்கும் உரிமையும் உண்டு. தனிமைப்படுத்தலை எதிர்த்த கலவரங்களில் பெரும்பாலும் கேட்பது இந்தக் கடன் பாக்கியின் குரல்தான்.

2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் எபோலா பரவியது. வெஸ்ட் பாயின்ட் என்பது கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்திட்டில் சுமார் 75,000 பேர் நெருக்கியடித்து வாழும் குடிசைப் பகுதி. அங்கே மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தை எபோலா நோயாளிகளை வைக்கும் இடமாக்கினார்கள். வேறு பகுதி நோயாளிகளையும் அங்கே கொண்டுவந்தார்கள். பகுதி மக்களிடம் யாரும் முறையாகக் கலந்து பேசவில்லை. ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. நோயாளிகள் ஓடினார்கள். படுக்கைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். எபோலா உடல் திரவங்களால் பரவும் நோய் என்பதை நினைத்தால் இது திகிலூட்டும் காரியம். நான்கு நாள் கழித்து, காலையில் கண்விழித்த பகுதியைச் சுற்றி முள்வேலியும் ராணுவமும் நின்றன. அன்றன்று மீன் விற்று, மூட்டை சுமந்து அன்றன்று அரிசி வாங்குகிற ஊர் அது. அரிசி விலை ஏறியது. அந்த நேரத்தில் பகுதியின் அரசு நிர்வாகி தன் குடும்பத்தைப் படைத் துணையோடு வெளியே அழைத்துப்போவதைச் சனங்கள் பார்த்தார்கள். கற்கள் பறந்தன. ராணுவம் சுட்டது. பதின்வயதுச் சிறுவன் ஒருவன் காலில் குண்டுபட்டு இறந்தான். பத்து நாளில் வேலி அகற்றப்பட்டது.

பள்ளிக்கூடத்தை உடைத்ததும் நான்கு நாள் கழித்துக் கல் எறிந்ததும் ஒரே அறியாமையின் இரண்டு தவணைகள் என்று படித்தால் கணக்குத் தவறும். முதலாவதில் பயமும் புரளியும் இருந்தன. இரண்டாவதை மூட்டிவிட்டது கண்ணெதிரே நடந்த ஓரவஞ்சனை. விதி எல்லோருக்கும் என்றால் நிர்வாகியின் குடும்பத்துக்கும்தான். பின்பு அந்தப் பகுதியில் நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் போனது அங்கேயே வாழ்ந்த தன்னார்வலர்கள்தான். அவர்களுக்குக் கதவு திறந்தது.

ஓரவஞ்சனை தமிழர்களுக்குப் புதிதில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்த பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைப் பல நாள் நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்ப மண்டபத்தில் முகாம் இயங்கியது. வசதிபடைத்த பயணிகளுக்கு விதி இளகியது. உடம்பைவிட டிக்கெட்டுத்தான் அங்கே சோதனைக்கு உள்ளானது என்று சொன்னால் மிகையில்லை. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் ‘மண்டபம் கேம்ப்’.

இதுவரை சொன்னது அடைபட்டவர் கோபம். தனிமைப்படுத்தலுக்கு இன்னொரு பொது எதிர்வினையும் உண்டு. அதை யாரும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. வெளியே இருப்பவர்களின் ஆவேசம் அது. ‘இன்னும் இறுக்கு, இன்னும் தள்ளிவை, எங்கள் தெருவில் வேண்டாம்’ என்கிற குரல். அதிகாரிகள் அதற்கு வெகு சீக்கிரம் செவிசாய்க்கிறார்கள்.

கொரோனா முதல் அலையில் நகரங்களில் ஒட்டிய வீட்டு வாசல் ஸ்டிக்கரை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே நோய் இருக்கிறது, விலகி நில் என்று எச்சரிப்பதுதான் அதன் நோக்கம். ஒட்டிய மறுநிமிடம் அதைச் செல்போனில் படமெடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். வேலைக்கார அம்மாவை மற்ற வீடுகளும் நிறுத்தின. பதினான்கு நாள் முடிந்து ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும் அதன் பசைத் தடம் கதவில் இருந்தது. தடத்தைப் பார்த்தே ஒதுங்கினார்கள். பெங்களூருவில் 2020 ஜூலையில் ஓர் அடுக்கக வீட்டு வாசல்களைத் தகரம் வைத்தே அடைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் சின்னக் குழந்தைகளோடு ஒரு தாய், இன்னொன்றில் வயதான தம்பதி. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று படம் பரவிய பிறகுதான் கேள்வி வந்தது. மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். சக மருத்துவர் ஒருவர் இரவில் மண்வெட்டியும் வெறுங்கையுமாகக் குழியை மூட வேண்டியிருந்தது. டிசம்பர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தகுந்த அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் நோயாளிகள் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக் கூடாது என்றது.

இந்த இரண்டு எதிர்வினைகளில் எது ஆபத்தானது? அடைபட்டவர் கோபம் கண்ணுக்குத் தெரியும். கல்லும் கூச்சலுமாக வரும். ஆனாலும் வெளியே இருப்பவர் ஆவேசமே கூடுதல் கேடு என்று சொல்லத் தோன்றுகிறது. காரணம் எளிது. வீதி முழுவதும் தன்னைக் கைகாட்டும் என்று தெரிந்தவர் காய்ச்சல் முகாமுக்கு வர மாட்டார். இருமலை அடக்கிக்கொண்டு கடைக்குப் போவார். பத்தாவது நாள் மூச்சு வாங்கும்போதுதான் வண்டி ஏறுவார். அதற்குள் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பாரோ. நோயை மறைத்தவர் என்று அவரைத் திட்டும் தெருவுக்கு, மறைக்க வைத்ததில் தன் பங்கு தெரிவதேயில்லை. எச்சரிக்கை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். தெரு செவிலியருக்கும் காய்கறி கொண்டுதரும் தன்னார்வலருக்கும் தெரிந்தால் போதும். எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது, அவர் விலகி நிற்க வேண்டிய அளவுக்கு மட்டும்தான்.

தனி அறை, தனிக் கழிவறை உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று கொரோனா காலத்து வழிகாட்டுதல் சொன்னது. ஒரே அறையில் ஐந்து பேர், தெருக்கோடியில் பொதுக் கழிப்பறை என்று வாழ்பவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அவருக்கு வந்தது வண்டியும் முகாமும்.

ஆனாலும் விதியை மீறியவர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்து, வீட்டிலிரு என்று கையில் மையால் முத்திரை குத்தி அனுப்பியும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரும் உண்டு. அவரையும், ஏழாம் நாள் வீட்டில் அரிசி தீர்ந்ததால் சித்தாள் வேலைக்குக் கிளம்பியவரையும் 188ஆம் பிரிவு ஒரே தட்டில் வைத்தது. இருவரும் செய்தது ஒரே செயல். தொற்றினால் விளைவும் ஒன்றுதான். குற்றம் ஒன்றல்ல. முதலாமவரைப் பிடித்துத் தண்டிப்பதில் தயங்க ஒன்றுமில்லை. இரண்டாமவரை நிறுத்துவதற்கும் தேவை இருக்கலாம், எபோலா போன்ற நோயில் நிச்சயம் இருக்கும். ஆனால் அவர் மேல் வழக்குப் போடும் முன் ஊர் தன் பாக்கியைக் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2003இல் சார்ஸ் நோய் டொரன்டோவுக்கு வந்தபோது நகரச் சுகாதாரத் துறை 23,000 பேருக்கு மேல் வீட்டில் இருக்கச் சொன்னது. தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு வேலையில்லாக் காப்பீட்டுத் தொகை உடனே கிடைக்கக் காத்திருப்புக் காலத்தைக் கனடா அரசு நீக்கியது. சட்டப்படி கட்டாய உத்தரவு போட வேண்டி வந்தது முப்பதுக்கும் குறைவானவர்களுக்குத்தான். பணக்கார நகரம், சுலபமாகச் செய்துவிட்டார்கள் என்பது சரியான ஆட்சேபம். ஆனால் 2020 மார்ச் இறுதியில் கேரளத்தின் ஊராட்சிகள் சமுதாயச் சமையல்கூடங்களைத் திறந்து, அடைபட்ட வீடுகளுக்குப் பொதிச்சோறு அனுப்பத் தொடங்கியபோது அவற்றின் கையிலும் பெரிய பணம் இருக்கவில்லை.