விளக்கைப் போட்டது யார்?

படியில் கால் வைத்ததும் விளக்கு தானாக எரிந்தால் பெரும்பாலோருக்கு அது வசதி. இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் ஒரு யூதத் தம்பதிக்கு அது சிறையாகிவிட்டது. அவர்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுவழியில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சென்சார் விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான ஓய்வுநாளில் கதவைத் திறந்து வெளியே வந்தாலே விளக்கு எரியும். விளக்கேற்றிய பிழை தங்களைச் சேரும் என்று அஞ்சிய அவர்கள், 2009-இல் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

கை எதையும் தொடவில்லை. தொடுவதற்கு அங்கே சுவிட்சே இல்லை. அப்படியானால் விளக்கைப் போட்டது யார்?

கேட்டவுடன் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு செயல் எந்த இடத்தில் ஒருவருடைய செயலாகிறது என்ற பழைய தத்துவக் கேள்விதான் இது. யூத மரபு அதை வீட்டு விளக்கை வைத்தே பல தலைமுறைகளாக விசாரித்து வருகிறது.

ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டுவதை யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் விலக்குகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, அன்று செய்யக் கூடாத வேலைகளை உழுதல், நெய்தல், கட்டுதல், தீ மூட்டுதல், அணைத்தல் முதலான 39 வகையாகப் பிரித்தது. இந்த 39-இல் மின்சாரத்தை எதில் சேர்ப்பது? உள்ளே இழை பழுத்து ஒளிரும் குண்டு பல்பை நெருப்பின் கணக்கில் சேர்க்கப் பெரும்பாலான அறிஞர்கள் தயங்கவில்லை. ‘ஹசோன் இஷ்’ என்று அறியப்பட்ட ரப்பி (யூத மதகுரு) கரேலிட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சுற்றை இணைப்பதே ‘கட்டுதல்’ என்றார். ஜெருசலேமின் ரப்பி ஷ்லோமோ ஸல்மான் அவுர்பாக் அதை ஏற்கவில்லை. ஒளியும் சூடும் தராத கருவியை இயக்க மூலச் சட்டத்தில் தடை ஏதுமில்லை, வழக்கம் வேரூன்றிவிட்டதால் விலக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காரணத்தில் பிரிந்தவர்கள் நடைமுறையில் ஒன்றுபட்டார்கள்: அன்று சுவிட்சில் கை வைக்காதே.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒருமுறை நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரியில் தங்கியிருந்தார். அங்கே ரப்பியாகப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அவரிடம், மின்சாரம் நெருப்பா என்று கேட்டார்கள். இல்லை என்றார் அவர். சுவிட்சில் தெறிக்கும் பொறிதான் தொல்லை என்றால், ஒரு கண்டென்சரைச் சேர்த்து அதை அடக்கிவிடலாம் என்று வழியும் சொன்னார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஃபைன்மனுக்கு இதில் ஏமாற்றம்தான். ஆனால் நெருப்பு எது என்றுதான் இயற்பியல் சொல்லும். அதை மூட்டிய பொறுப்பு யாருடையது என்று சொல்லாது.

தொடாமல் வெளிச்சம் பெற வேறு வழிகள் இருந்தன. வெள்ளிக்கிழமையே டைமரை முடுக்கிவைப்பது பரவலான வழக்கம். வேற்று மதத்துச் சிறுவர்களும் உதவினார்கள். பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காலின் பவல், நியூயார்க்கில் வளர்ந்த காலத்தில் யூதத் தொழுகைக் கூடத்து விளக்குகளைப் போட்டு அணைத்துச் சில்லறை சம்பாதித்தவர். எல்லாவற்றிலும் எளியது மூடி விளக்கு: பல்பு இரவு முழுக்க எரிந்துகொண்டே இருக்கும், உறையைத் திருப்பினால் அறை இருளும்.

சிக்கல் தொடங்குவது ‘கிரமா’ என்ற மறைமுகச் செயலில். ஓய்வுநாளில் தீப்பிடித்தால், அது பரவாமல் தடுக்க நீர் நிரப்பிய கலங்களை அடுக்கலாம் என்கிறது மிஷ்னா. சூட்டில் கலம் வெடித்து நீர் கொட்டித் தீ அணைந்தாலும், அடுக்கியவர் நேரடியாக அணைத்தவர் ஆகமாட்டார். 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரப்பி மோசே இஸ்ஸெர்லஸ், இழப்பைத் தடுக்க மட்டுமே இந்தச் சலுகை என்று வரம்பு கட்டினார்.

மேற்குக்கரையின் அலோன் ஷ்வூட்டில் இயங்கும் ஸோமெத் நிறுவனம் இந்தக் கலத்தை மின்னணுக் கருவியாக மாற்றியது. பொத்தானை அழுத்தினால் உடனே எதுவும் நடக்காது. குறித்த இடைவெளியில் தன்னைத்தானே சோதிக்கும் சுற்று, அடுத்த சோதனையில் பொத்தானின் நிலையைக் கவனித்து வேலையைத் தொடங்கும். மருத்துவமனை, பாதுகாப்புப் பணி, ஊனமுற்றோரின் வண்டி போன்ற தேவைகளுக்கென்று உருவான ஏற்பாடு இது.

2015-இல் ‘கோஷர் சுவிட்ச்’ என்ற கருவி அதை வரவேற்பறைக்குக் கொண்டுவரப் பார்த்தது. அதில் நகர்த்துவது மின்தொடர்பே இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டை. தற்செயலாக அமையும் இடைவெளிக்குப் பிறகு உள்ளே ஓர் ஒளித்துடிப்பு பாய்ந்து, துண்டு வழியில் நிற்கிறதா என்று பார்க்கும். அதன்படி விளக்கு எரியும் அல்லது அணையும். இது கிரமாகூட இல்லை என்றார்கள் தயாரித்தவர்கள். ஸோமெத்தின் தலைவர் ரப்பி இஸ்ரேல் ரோசன் உட்படப் பலர் எதிர்த்தார்கள்.

சென்சார் விளக்கில் நிலைமை தலைகீழ். கோஷர் சுவிட்ச் வாங்குபவர் விரும்பிய விளைவுக்குப் பொறுப்பில்லாமல் இருக்கப் பார்க்கிறார். படியில் இறங்குபவரோ விரும்பாத விளைவுக்குப் பொறுப்பாகிவிடுவோமோ என்று பயப்படுகிறார். மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் இதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறது. குழந்தை விளையாடக் கோழித்தலை வேண்டும் என்று வெட்டிவிட்டு, கோழி சாக வேண்டுமென்று நினைக்கவில்லை என்று வாதாட முடியாது. விளைவு நிச்சயம் என்று தெரிந்தபின் நினைக்கவில்லை என்பது செல்லாது. ஏற்கெனவே வெளிச்சமான தெருவில் நடப்பவருக்குக் கூடுதல் விளக்கால் ஆதாயமில்லை என்பதால், அங்கே சில ரப்பிகள் இளக்கம் காட்டுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விரல் பட்டதா என்பது மட்டுமே இந்தச் சட்டத்துக்கு அளவுகோல் இல்லை என்று தெரிகிறது. என்ன நடக்கும் என்று தெரிந்து செய்தாரா, எந்தத் தேவைக்காகச் செய்தார் என்பதையும் அது பார்க்கிறது. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய சட்ட அறிஞர் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் டைமரையே சந்தேகித்தார். அதை அனுமதித்தால் தொழிற்சாலைகூட ஓய்வுநாளில் ஓடும், அந்த நாளுக்கு மதிப்பு இருக்காது என்றார். ஏற்கெனவே பழகிவிட்டது என்பதால் விளக்குக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்.

அவருடைய கவலை நியாயமானது. ஒளித்துடிப்பு எத்தனை நொடி தள்ளி வந்தாலும், துண்டை நகர்த்தும் கை விளக்கை எதிர்பார்த்துத்தான் நகர்கிறது. மறைமுகச் சுவிட்ச் நோயாளியின் படுக்கையருகே இருக்கட்டும். வரவேற்பறைக்கு, வெள்ளி மாலையே போட்டுவைத்த பல்பும் அதற்கொரு மூடியும் போதும்.