தலைக்காட்டு மணல்

(மார்டள்ளியில் பௌர்ணமி உபோசத நாளில் நிகழ்த்திய தரும உரை)



புத்தம், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளை வணங்கி, இன்று உங்கள் முன் ஓர் ஊரின் வாழ்வையும் தாழ்வையும் எடுத்துரைக்க விரும்புகிறேன். அரசர்களின் பெருமையைப் பேசுவது என் நோக்கமன்று. காரணமின்றிக் காரியமில்லை என்னும் தருமத்தை விளக்குவதற்கு அவ்வூரினும் தக்க உதாரணம் நம் பக்கத்தில் வேறில்லை.

பகவன் புத்தர் தமது இறுதி யாத்திரையில் கங்கைக் கரையிலுள்ள பாடலி கிராமத்தில் தங்கினார். அக்காலத்தில் மகத நாட்டுக்கும் வஜ்ஜியர் நாட்டுக்கும் கங்கையே எல்லை. வஜ்ஜியரைத் தடுக்கும் பொருட்டு மகத மந்திரிகளான சுநீதரும் வஸ்ஸகாரரும் அங்கே கோட்டை எழுப்பிக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட பகவன், இவ்வூர் வாணிபத்திற் சிறந்த பெருநகராகும் என்றும், ஆயினும் நெருப்பு, நீர், உட்பகை ஆகிய மூன்றால் இதற்குக் கேடு உண்டு என்றும் ஆனந்தருக்கு உரைத்ததாக மகாபரிநிப்பான சூத்திரம் கூறுகின்றது. அவ்வண்ணமே பாடலிபுத்திரம் அசோக மன்னரின் தலைநகராயிற்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அங்கு வந்தபோது அது இடிபாடாகக் கிடந்தது.

அன்பர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஊரின் அழிவைச் சொன்ன பகவன், அதற்குக் காரணமாக எந்தத் தேவதையின் கோபத்தையும் சொன்னாரில்லை. எவருடைய சாபத்தையும் சொன்னாரில்லை. கண்ணால் காணத்தக்க காரணங்களையே சொன்னார்.

எல்லையின் இயல்பை மார்டள்ளி மக்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. இக் கொள்ளேகால் சீமை 1956 அக்டோபர் முடியச் சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்து மைசூர் ஜில்லாவுக்கு உட்பட்டது. 1997இல் சாமராஜநகர் ஜில்லாவுக்குப் போயிற்று. உங்கள் பாட்டனார் தம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லைதான் எழுந்து நடந்தது. நிலைபெற்றது என்று நாம் நம்பும் யாவும் இத்தன்மையதே.

இங்கிருந்து கொள்ளேகால் சென்று காவேரியைக் கடந்தால், நரசிபுரம் தாலுகாவில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் தலைக்காடு என்னும் ஊர் இருக்கின்றது. ஒருகாலத்தில் அது கங்க மன்னர்களின் தலைநகர். முதலில் கோலாரிலிருந்து ஆண்ட அவர்கள், பின்னர்த் தலைக்காட்டைத் தலைநகராக்கிப் பல நூற்றாண்டு ஆண்டார்கள். சிரவணபெளகொளத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் கோமடேசுவரர் சிலையை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய சாமுண்டராயர், இக் கங்கர்களின் மந்திரியே. ஆற்றுநீரும் வளமான நிலமும், கன்னட நாட்டுக்கும் தமிழ் நாட்டுக்கும் இடைப்பட்ட இருப்பும் ஊரை வளர்த்தன.

எந்த இருப்பு வளர்த்ததோ, அதே இருப்பு பகைவரையும் அழைத்தது. 1004ஆம் ஆண்டளவில் இராசராச சோழரின் படை தலைக்காட்டைக் கைப்பற்றி, இராசராசபுரம் என்று பெயரிட்டது. நூறாண்டுக்கு மேல் அது சோழர் கையில் இருந்தது. 1116ஆம் ஆண்டளவில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனர் சோழரை ஓட்டித் ‘தலைக்காடு கொண்டவர்’ என்று பட்டம் புனைந்து, கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினார். பிறகு விஜயநகரத்தாரும், அவர்க்குப் பின் மைசூர் உடையார்களும் ஆண்டார்கள். வென்றவர் ஒவ்வொருவரும் ஊர் தமது என்றே கல்லில் வெட்டினர். இன்று கீர்த்திநாராயணர் கோயிலையும், பாதாளேசுவரர், மருளேசுவரர் கோயில்களையும் காண விரும்புவோர் மணலில் தோண்டிய பள்ளத்தில் இறங்கிச் செல்ல வேண்டும். பழைய நகரம் மணல்மேட்டின் கீழ்க் கிடக்கின்றது.

இது எதனால் நேர்ந்தது என்று அங்குள்ள எவரைக் கேட்டாலும் ஒரே விடை சொல்வார்கள்: “அலமேலம்மாவின் சாபம்.”

ஸ்ரீரங்கபட்டணத்தில் விஜயநகரப் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அவ்வம்மையார். 1610இல் ராஜ உடையார் அந்நகரைக் கைக்கொண்டார். அம்மையாரிடமிருந்த நகைகளைப் பறித்துவர ஆட்களை ஏவினார் என்றும், துரத்தப்பட்ட அவர் தலைக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாது போகட்டும் என்று சபித்துக் காவேரியில் வீழ்ந்தார் என்றும் கதை வழங்குகின்றது.

இக் கதையைச் சற்று ஆராய்வோம். ஜயசாமராஜ உடையாருக்கு 1953இல் மகன் பிறந்தாரே! அங்கே சாபம் எங்கே போயிற்று? பலித்ததை மட்டும் எண்ணிப் பலியாததை மறந்துவிடுவது மனத்தின் பழக்கம். மணலுக்கு வருவோம். தலைக்காட்டுக்கு மேலே காவேரியின் குறுக்கே மாதவமந்திரி அணைக்கட்டு இருக்கின்றது. அது விஜயநகரக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பர்; அதாவது சாபத்துக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. கே. என். கணேசய்யா போன்ற ஆய்வாளர் கூறும் காரணம் இதுவே: அணை நீரைத் தடுத்ததால் கீழே ஆற்றுப்படுகை வறண்டது, மணல் வெளிப்பட்டது, தென்மேற்குப் பருவக்காற்று அதை வாரி இடக்கரையிலுள்ள ஊரின்மேல் குவித்தது. ஆற்றின் வளைவும் அதற்குத் துணைசெய்தது. நூறாண்டுகளுக்கு முந்திய சர்க்கார் கெஜட்டியர், மணல் ஆண்டுக்கு ஒன்பது பத்து அடி வீதம் ஊரை நெருங்குகிறதென்றும், குடிகள் வீட்டைக் கைவிட்டுப் பின்வாங்குகிறார்களென்றும் எழுதியிருக்கின்றது. இறந்துபோன ஒருவரின் கோபமா ஆண்டுதோறும் பருவம் பார்த்துப் பத்தடி நடக்கும்? காற்றே நடக்கும்.

அந்தக் கெஜட்டியரே இன்னொன்றையும் சொல்கின்றது. ஒருபுறம் மணல் தள்ளியபோதும், மாதவமந்திரி அணைக்கால்வாயின் நன்செய்ப் பாசனத்தால் ஊரில் ஜனத்தொகை பெருகிவந்ததாம்! ஒரே அணை வயலுக்கு நெல்லையும் கோயிலுக்கு மணலையும் தந்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்திலிருந்தும் எண்ணாத விளைவு வரும். எனவே செய்வதைச் செய்துவிட்டுக் கண்மூடாமல், விளைவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுவே விழிப்பு. சார்பில் தோற்றம் என்று பெரியோர் கூறும் பெருந்தருமம் ஏட்டில் மட்டும் இல்லை. காவேரிக்கரையில் மணலாகக் குவிந்து கிடக்கின்றது.

இவ்வளவு தூரம் பேசுகிற நான் சாபத்தை நம்பாதவனாக இருந்தேனா? இல்லை. அதை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்ளவே இக் கதையை எடுத்தேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டு ஒரு நூல் மில்லில் ரிங் பிரேம் ஓட்டியவன். எங்கள் மில்லில் கார்டிங் பகுதியில் வேலை செய்த ஒருவர் யந்திரத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி சேரவேண்டிய பணத்தைக் கேட்டுப் பலமுறை ஆபீசுக்கு நடந்தார். கடைசி நாளில் கேட்டுக்கு வெளியே நின்று அழுது, முந்தானையை உதறியதைப் பலர் பார்த்தார்கள். மண்ணை வாரித் தூற்றினார் என்று பேச்சுப் பரவியது. மறு ஆண்டு மில் மூடியது. அன்றுமுதல் அவர் ஊருக்குச் சாபக்காரியானார். கலியாண வீடுகளில் அவரை அழைப்பாரில்லை. அவருடைய மகளைப் பெண்பார்க்க வந்தவர்களை வழியிலேயே திருப்பியனுப்பினார்கள். நானும் அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபுறம் ஒதுங்கினவன்தான்.

தருமத்தைக் கற்கத் தொடங்கியபின் என் மனமே என்னைக் கேட்டது: அந்த மில் ஏன் மூடியது? அதன் காரணம் உள்ளே வேலை செய்த எங்களுக்குத் தெரியாதா? தேய்ந்த யந்திரத்தை மாற்றவில்லை. அறுந்த நூலைக் கட்டிக்கட்டியே ஷிப்ட் கழிந்தது. மின்சாரக் கட்டணம் பாக்கி. பஞ்சு வாங்கிய கடன் பாக்கி. எங்களுக்குள்ளே இரண்டு கட்சி. ஒரு கட்சி பேச்சுவார்த்தைக்குப் போனால் மற்றது கெடுக்கும். பகவன் சொன்ன உட்பகை அதுவல்லவா? இத்தனை காரணங்களையும் கண்ணால் கண்ட நாங்கள், எல்லாவற்றையும் மறைத்து ஒரு விதவையின் தலையில் வைத்தோம்.

ஏழாண்டு கழித்து அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். “அண்ணே, நான் மண்ணை வாரவும் இல்லை, தூற்றவும் இல்லை. மில்லுக்குள் போய் வந்ததில் முந்தானையெல்லாம் பஞ்சு. அதை உதறினேன். அவ்வளவுதான்” என்றார். அன்பர்களே, அந்தப் பஞ்சு இன்றுவரை என் நெஞ்சில் ஒட்டியிருக்கின்றது.

அலமேலம்மாவையும் நினைத்துப் பாருங்கள். கதைப்படி, நகையைப் பறிக்க ஆள் அனுப்பியது யார்? உயிரை விட்டது யார்? நானூறு ஆண்டாக ஊர் பேசுவதோ பறித்தவனின் பேராசையைப் பற்றியன்று, பறிகொடுத்தவளின் நாக்கைப் பற்றியே! அநீதி செய்தவனை மறைக்கும் திரையாகச் சாபம் பயன்படுகின்றது.

இத்திரையை நம்மவர் நன்கறிவர். நீ சேரியில் பிறந்ததும், பள்ளிக்கு வெளியே நின்றதும் உன் பழவினை என்று நம் பாட்டன்மாருக்குச் சொல்லப்பட்டது. பகவன் அப்படிச் சொன்னாரா? மனிதன் அடையும் இன்பதுன்பம் யாவும் முன்வினையாலேயே வருவதாகச் சிலர் கூறுகிறார்களே என்று மோளிய சீவகர் கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவமாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் என்று ஏழையும் எண்ணிவிட்டு, வினையின் பயனை எட்டாவதாகவே வைத்தார். எட்டில் ஒன்றை எடுத்து நம் கழுத்தில் கட்டியவர்கள், மற்ற ஏழையும் ஏன் மறைத்தார்கள்? பிறர் தாக்கியதால் வந்த துன்பத்தைப் பழவினை என்று சொல்வது தாக்கியவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பதாகும்.

ஆகையால் உபாசகர்களே, ஊரில் குழந்தைகள் நோயுற்றால் கைம்பெண்ணின் கண்ணைப் பார்க்காதீர்கள். குடிக்கும் கிணற்றைப் பாருங்கள். விளைச்சல் குறைந்தால் தோஷம் தேடாதீர்கள். மண்ணையும் மடையையும் பாருங்கள். குடும்பம் நொடித்தால் ஜாதகத்தை விரிக்காமல் கணக்கேட்டை விரியுங்கள். உங்கள் தெருவில் சாபக்காரி என்றோ ராசியில்லாதவள் என்றோ பெயர் சுமக்கும் ஒருத்தி இருப்பாள். அடுத்த பௌர்ணமிக்குள் அவள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். இன்று நீங்கள் எடுத்த ஐந்து சீலங்களில் பொய் கூறாமை ஒன்றல்லவா? அறிந்த காரணத்தை மறைத்து அறியாத சாபத்தைப் பேசுவதும் பொய்யே.

தோன்றிய ஊர் மறையும். வகுத்த எல்லை மாறும். அதற்காக அழவும் வேண்டா, எவரையும் பழிக்கவும் வேண்டா. காரணத்தைக் கண்டவன் தன்னால் மாற்றக்கூடியதை மாற்றுவான். மாற்றவியலாததை அமைதியாக ஏற்பான்.

எல்லா உயிர்களும் பகையின்றி, பயமின்றிச் சுகமாக வாழ்க!

சாது! சாது! சாது!