பல சங்கங்கள், ஒரு கோரிக்கை

தனியொருத்தியின் முறையீட்டை அரசாங்கம் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு மறந்துவிடலாம். பல சங்கங்கள் தத்தம் கொடியையும் கௌரவத்தையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே கோரிக்கையை ஒருமித்து முன்வைக்கும்போது, அதனை மறப்பது எந்த ஆட்சிக்கும் எளிதன்று. சிங்கப்பூரில் 1952-ஆம் ஆண்டில் அமைந்த மாதர் மன்றம், மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட பெண்களை ஓரணியில் சேர்த்து, பலதார விவாகம் ஒழியவேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தியது. அம்மன்றத்தைச் சேர்ந்த ஷிரின் ஃபோஸ்தார் முதலியோரின் பிரயத்தனத்தால் வலுப்பெற்ற அந்த அபிப்பிராயம், 1959-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்குறுதியாகி, சட்டமன்றத்தில் அக்கட்சியின் உறுப்பினர் சான் சோய் சியோங் போன்றோரின் குரலாகி, 1961-இல் மாதர் சாசனம் என்னும் சட்டமாயிற்று. இன்று சிராங்கூன் சாலைக் கோயிலில் மணமாலை சூடும் தமிழ்ப் பெண்ணும், முஸ்லிம் அல்லாதார் விவாகங்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்ற நியதியை வகுத்த அச்சட்டத்தின் பாதுகாப்பிலேயே இல்லறம் புகுகிறாள். அவளுக்காக வாதாடியவர்களில் பலர் அவள் பாஷையை அறிந்தவர்கள் அல்லர். வேற்றுமைகள் யாவும் நீங்கிய பிறகு ஒன்றுகூடலாம் என்று காத்திருப்போர் ஒருநாளும் கூடுவதில்லை; வேற்றுமைகளோடு கூடியவர்களே சட்டத்தை மாற்றினார்கள். ஆகவே, சங்கங்களைப் பெருக்குவதினும் அவற்றை இணைப்பதே மேலான சமூகத் தொண்டு.