தோள் கணக்கு

பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் காலை, மயிலாப்பூர் கபாலீசுவரர் அதிகார நந்தி மேல் எழுந்தருளி வெளியே வருகிறார். நூறாண்டைத் தாண்டிய வெள்ளி வாகனம். கோபுர வாசல் தரிசனத்துக்குக் கூப்பிய கைகள் மேலே போகின்றன, கூடவே கைபேசிகளும். அன்றைக்கு எடுக்கப்படும் படங்களில் எல்லாம் நந்தியின் முகம் இருக்கும், மாலை இருக்கும், குடை இருக்கும், பின்னால் கோபுரம் இருக்கும். கீழ் விளிம்பில் மட்டும் வேர்வையில் ஒட்டிய முடியோடு சில தலைகள், சும்மாடாக மடித்துப் போட்ட துண்டுகள். அதை வெட்டிவிட்டுத்தான் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு அனுப்புகிறோம்.

வெட்டுப்பட்ட அந்த ஆட்களை, ஸ்ரீபாதம் தாங்கிகளை, எப்படி எடைபோடுவது? நாதஸ்வரக்காரர் எப்படி வாசித்தார் என்று சொல்ல மாட வீதியில் ஆள் இருக்கிறது. அலங்காரத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மாமியே கிடையாது. சாமி தூக்கியவர்கள் நன்றாகத் தூக்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள், "ஏன், என்ன ஆச்சு?" என்றுதான் பதில் வரும். ஏதாவது ஆகியிருந்தால்தான் அந்தக் கேள்விக்கே இடம்.

எனக்கு இந்தக் கேள்வி கோயிலில் முளைக்கவில்லை. டல்லாஸில் வேலை பார்க்கும் அக்கா பையன் டிசம்பர் விடுமுறைக்கு வந்தவன், தூக்கம் பிடிக்காமல், ஞாயிறு இரவு பதினொன்றரை மணிக்கு அமெரிக்கன் ஃபுட்பால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சபாவிலிருந்து திரும்பிய நானும் பக்கத்தில் சாய்ந்தேன். பந்து எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்த என்னிடம், "மாமா, பந்தைப் பாக்காதீங்க. முன்னாடி குனிஞ்சு நிக்கற அந்த அஞ்சு பேரைப் பாருங்க" என்றான்.

ஐந்து பேர். நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். ஆளுக்குச் சுமார் 140 கிலோ. ஆட்டத்தின் கதாநாயகனான குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று பார்க்கும் இரண்டு மூன்று விநாடிகளில், எதிரணி அவர் மேல் பாய்ந்துவிடாமல் தடுப்பது இவர்கள் வேலை. சென்டரைத் தவிர மற்ற நால்வரும் ஒரு பருவம் முழுக்கப் பந்தைத் தொடாமலே ஆடி முடிக்கலாம்.

கணக்கில் மோகம் கொண்ட ஆட்டம் அது. எறிந்த ஒவ்வொரு பந்துக்கும், ஓடிய ஒவ்வொரு கெஜத்துக்கும் பேரேடு உண்டு. குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினால் வீழ்த்தியவர் பெயரில் ஒரு 'சாக்' ஏறும். 1982 முதல் அது அதிகாரபூர்வமான பதிவு. அதே ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை வீழ்த்தவிடாமல் நிறுத்திய ஆளின் பக்கத்திலோ எழுத ஒன்றுமில்லை. அசோசியேட்டட் பிரஸ் ஆண்டுதோறும் தரும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது இந்த ஐவர் வரிசையில் நிற்கும் ஒருவருக்கும் கிடைத்ததில்லை. 1982இல் பந்தை உதைப்பதற்கென்றே களத்துக்கு வரும் மார்க் மோஸ்லிக்குக் கொடுத்தார்கள். உதைத்தால் எண் வந்துவிடுகிறதே.

எண் இல்லாத இடத்தில் எண்ணை உண்டாக்கவும் முயன்றிருக்கிறார்கள். ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் என்ற நிறுவனம் ஆட்களை வைத்து ஆட்டப் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுகிறது. இஎஸ்பிஎன் 2018 முதல் வேறு வழி வைத்திருக்கிறது. வீரர்களின் தோள் கவசத்தில் பதித்த சில்லுகள் யார் எங்கே நகர்ந்தார் என்று சொல்லும், எதிராளியை 2.5 விநாடி நிறுத்தி வைத்தால் வெற்றி, அதற்குள் விட்டுவிட்டால் தோல்வி. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனாலும் பழி யாருடையது என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. பெய்ட்டன் மேனிங் போன்ற குவார்ட்டர்பேக்குகள் பந்தை வாங்கிய சூட்டோடு எறிந்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கும் சுமாரான வரிசையும் கெட்டியாகத் தெரியும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவருக்கு முன்னால் நின்றால் நல்ல வரிசைக்கும் கெட்ட பெயர்தான்.

ஜோ தாமஸ் என்பவரின் கணக்கைக் கேட்டபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இடது டேக்கிள். 2007இலிருந்து 2017 வரை தொடர்ச்சியாக 10,363 நகர்வுகள், ஒன்றில்கூட வெளியே உட்காரவில்லை. கடைசியில் கைத்தசை கிழிந்துதான் நின்றார். அந்த ஆண்டுகளில் அவருக்குப் பின்னால் வந்துபோன குவார்ட்டர்பேக்குகள் இருபது பேர். அணி ஒருமுறைகூட பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. 2016இல் 16 ஆட்டங்களில் ஒன்றை வென்றது; 2017இல் அதுவும் இல்லை. அணி தோற்க ஆயிரம் காரணம் இருக்கும், எல்லாவற்றையும் அந்த வரிசையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் தன் இடத்தில் ஒருவர் எவ்வளவுதான் அசையாமல் நின்றாலும், அந்த உறுதி பக்கத்து இடத்துக்குத் தானாகப் பரவிவிடுவதில்லை. 2023இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், தனி ஆளாக.

இதெல்லாம் தலையில் ஓடிக்கொண்டிருக்கப் பங்குனிக்கு மாட வீதியில் நின்றபோதுதான் தண்டுக்கு அடியில் பார்க்கத் தோன்றியது. பார்க்கத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். கூட்டத்தில் கால்கள் தெரியாது, தோள்கள் பாதி மறைந்திருக்கும். பிடி கிடைத்தது மேலே, வாகனத்தோடு நின்றுவரும் குருக்களிடம். ஒரு கை வாகனத்தைப் பிடித்திருக்க, மறு கையால் அர்ச்சனைத் தட்டை வாங்குகிறார். தெற்கு மாட வீதியில் பாதி வருவதற்குள் பிடித்திருந்த கையும் தட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி, பெயர் நட்சத்திரம் கேட்டு, விபூதி கொடுத்து, யாரையோ அடையாளம் கண்டு சிரிக்கவும் செய்கிறார். கால் நிற்பது நகரும் பலகையில் என்ற நினைப்பே இல்லை. வீதி முனை வந்ததும் அந்தக் கை தானாகப் போய் வாகனத்தைப் பற்றிக்கொள்கிறது. தோள் கவசச் சில்லு என்னிடம் இல்லை. குருக்களின் இடது கையை வைத்துக்கொண்டு ஒருவாறு கணக்குப் போட்டேன்.

முனையில் கை போனதற்குக் காரணம் உண்டு. அவ்வளவு நீளத் தண்டு திரும்பும்போது உட்பக்கம் நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், வெளிப்பக்கத்தவர்கள் எட்டு வைத்து ஓடாத குறையாகச் சுற்றி வர வேண்டும். பின்தண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். பின்தண்டுக்காரர்களுக்குக் கண்ணெதிரே தெரிவது பலகையின் அடிப்பக்கமும் முன்னால் போகிறவன் பிடரியும்தான். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று தோளுக்குத் தெரிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் தண்டு தூக்கி, இப்போது பையன்களை இடம் பார்த்து நிறுத்தும் பெரியவர் ஒருவர் வடக்கு மாட வீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல பலசாலிகளாகப் பார்த்துத்தான் எடுப்பீர்களா என்று கேட்டேன்.

"ஒயரம் பாப்போம் சார்."

"பலம்?"

"அது தூக்கத் தூக்க வரும். ஒயரம் வருமா?"

பள்ளிக்கூடத்து இயற்பியலில் இது இருந்திருக்க வேண்டும், இருந்ததாக நினைவில்லை. தண்டு வளைந்து கொடுக்காது. அதன் அடியில் ஒருவன் ஓரங்குலம் உயரமாக இருந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் பங்கும் அவன் தோளில் ஏறிவிடும். குட்டையானவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழும். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தாலும் சுமப்பது தன் உடம்பை மட்டும்தான். உயரமானவன் பலசாலியாகவும் இருந்து, கொஞ்சம் வீராப்பும் சேர்ந்து நெஞ்சை நிமிர்த்தினால் வந்தது வினை. அக்கம்பக்கத்தார் பங்கையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிறிது தூரம் ஜம்மென்று நடப்பான். வேகத்தடையிலோ பள்ளத்திலோ கால் மடங்கும். மடங்கிய கணத்தில், அதுவரை அவன் ஒருவனே வைத்திருந்ததெல்லாம் தயாராக இல்லாத இரண்டு தோள்களில் ஒரே அடியாக இறங்கும். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து இந்த வட்டாரத்துச் சாலைகளில் பள்ளத்துக்குப் பஞ்சமும் இல்லை.

அதைவிட நுட்பமான இடம் தோள் மாற்றுவது. ஊர்வலம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே புதியவன் தண்டுக்கு அடியில் நுழைந்து முதுகை நிமிர்த்துகிறான். வெளியேறப் போகிறவன் தன் தோளிலிருந்து பாரம் எழும்புகிற வரைக்கும் நிற்க வேண்டும். ஒரு நொடி முந்தி நழுவினால் வாகனம் சாயும். பிந்தினால் இருவர் காலும் பின்னிக்கொள்ளும். அக்கா பையன் காட்டிய ஆட்டத்திலும் இதே இடத்தில்தான் வரிசை உடைந்தது. எதிரணியில் இருவர் பாய்கிற பாதியில் குறுக்கே இடம் மாறிக்கொண்டார்கள். தன் ஆளைப் பக்கத்தவரிடம் விட்டுவிட்டு அவருடைய ஆளைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டிய கார்டு, அரைக்கணம் தயங்கினார். இருவர் ஒருவனையே தடுத்தார்கள், இன்னொருவன் நடுவே புகுந்துவிட்டான். இரண்டு பேருமே மலை மாதிரி ஆட்கள்.

புதுப்பையன் சரியாகத் தூக்குகிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன்.

"எனக்கு எப்பிடி சார் தெரியும்? நான் வெளியில நிக்கிறேன். அவனுக்கு முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்ல, அவங்களுக்குத் தெரியும்."

"அவங்க என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்லலேன்னா நல்லா தூக்குறான்னு அர்த்தம்."

சில்லும் படமும் மதிப்பெண்ணும், ஏன், நான் பார்த்த குருக்களின் கையும்கூட, வெளியே நிற்பவன் எடுக்கும் அளவுகள். நடந்து முடிந்த பிறகு வந்து சேரும் தகவல். உள்ளே நிற்பவனுக்கு அது தோள் வழியாக முன்னமே வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் தன் பங்கைச் சுமக்கிறான் என்பதை அவன் தனியாக உணர்வதுகூட இல்லை. தன் தோளில் தன் பங்கு மட்டும் இருக்கிறது, அவ்வளவுதான். அப்போதுதான் அவனால் சாலையைப் பார்க்க முடிகிறது, நாதஸ்வரத்துக்கு நடையைச் சேர்க்க முடிகிறது, அடுத்த முனையை யோசிக்க முடிகிறது. பக்கத்து ஆள் தளரும்போது பாரம் வந்து ஏறுவதற்கு முன்பே இவன் கவனம் அங்கே போய்விடும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் மற்றவரை எவ்வளவு நேரம் மறந்திருக்க முடிகிறதோ அவ்வளவுதான் அந்த வரிசையின் பலம். கிலோவும் விநாடியும் அந்த மறதியைத் தூரத்தில் நின்று எண்ணிப் பார்க்கும் முயற்சிகள்.

மறதி என்று சொன்னதும் நெருடுகிறது. நாமும் அவர்களை மறந்துதான் நிற்கிறோம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போனவர்கள் மிதிபடாமல் வீடு திரும்பும்போது, கயிறு பிடித்து நின்ற காவலர்களை நினைப்பதில்லை. மழைக்கு முன் அடையாற்றின் முகத்துவாரத்தில் மணல் மேட்டை வாரிக்கொண்டிருக்கும் பொக்லைன்காரரை, வெள்ளம் வராத வருஷத்தில் யாருக்கு ஞாபகம்? மேலுக்கு இரண்டும் ஒரே மறதியாகத்தான் தெரிகிறது. ஆனால் பின்தண்டுக்காரனைத் திரும்பிப் பாராமல் நடக்கிறவன், பின்னால் இருப்பவன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாதபடி அதே நேரத்தில் சுமந்துகொண்டும் இருக்கிறான். ஒருவன் மறதிக்கு மற்றவன் தோள் ஈடு. வேடிக்கை பார்க்கிற நமக்கு அது ஓசியில் கிடைக்கிறது. நன்றி என்று இரண்டு வார்த்தை சொல்லி நேர்செய்துவிடக்கூடிய பாக்கியாகவும் எனக்கு அது படவில்லை. வேறு எந்தத் தண்டுக்கு அடியிலாவது நாம் நின்றிருந்தால் மட்டுமே இவர்களை மறக்க நமக்கு உரிமை வருகிறது.

ஈடு கொடுத்ததன் தழும்பு உடம்பில் தங்கிவிடும். ஜோ தாமஸ் ஓய்வுபெற்றதும் இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார். அந்தக் கிலோக்கள் வரிசை கேட்டவை, அவர் கேட்டவை அல்ல. பெரியவரின் வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்ப்பு. அதைக் குறைக்க வழியில்லை. சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் அந்தப் பக்கத்துக்குத் தனியாக அளவெடுக்கிறாராம்.

இப்போது வருகிற பையன்கள் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். விழா நாட்களுக்கு மட்டும் விடுப்புப் போட்டு, முன்தண்டு வேண்டும் என்று வந்து நிற்பார்கள். படத்தில் விழுவது முன்தண்டுதானே. பிரதோஷத்தன்று கோயிலுக்குள்ளே பிராகாரம் சுற்றும் புறப்பாட்டுக்குத் தொடர்ந்து வந்தவர்களுக்குத்தான் பெரியவர் அந்த இடத்தைக் கொடுக்கிறார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டா என்று கேட்டேன்.

"நெறைய பேர். போவட்டும் சார். பதினஞ்சு நாள்ல அடுத்த பிரதோஷம் வருதுல்ல, வர்றவன் வருவான்."